மின்கலத்தின் எஞ்சிய ஆயுளைக் கணித்தல்

மின்சார வாகனத்தின் விலையில் கணிசமான பகுதி அதன் மின்கலத்தின் விலையே. எனவே பழைய வாகனத்தை வாங்குபவரும், அதன்மீது கடன் வழங்கும் வங்கியும் அறிய விரும்புவது ஒன்றுதான்: மின்கலம் இன்னும் எத்தனை காலம் உழைக்கும்? வாகனத்தின் முகப்புப் பலகை காட்டுவது அப்போதைய மின்னிருப்பை மட்டுமே. கொள்கலமே ஆண்டுதோறும் சுருங்கி வருவதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. புதிதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை விழுக்காடு எஞ்சியுள்ளது என்பதே மின்கலத்தின் நலம் எனப்படுகிறது. இது 80 விழுக்காடாகக் குறைந்தால் வாகனப் பயன்பாட்டிற்கான ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம்.

முழுமையாக மின்னேற்றி, பின்பு மெதுவாக மின்னிறக்கி அளந்தால் கொள்ளளவு தெரிந்துவிடும். ஆனால் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மின் ரிக்‌ஷா ஓட்டுநருக்கோ அன்றைய வருமானம் போய்விடும். உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளிவந்ததையும் கணக்கிட்டு வரலாமெனில், சிறு பிழைகள் நாள்தோறும் சேர்ந்து பெருகுகின்றன. லிதியம் இரும்பு பாஸ்பேட் கலங்களில், இருப்பு குறைந்தாலும் மின்னழுத்தம் நெடுநேரம் ஏறத்தாழ மாறாமலிருப்பது மற்றொரு இடர்ப்பாடு.

இங்குதான் இயந்திரக் கற்றல் முறை துணைக்கு வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. விரைவு மின்னேற்றத்திற்கு உட்படுத்தப்பட்ட 124 கலங்களின் ஆயுள் ஏறத்தாழ 150 சுற்றுகள் முதல் 2,300 சுற்றுகள் வரை வேறுபட்டது. முதல் 100 சுற்றுகளில் கொள்ளளவு பெரிதும் குறையவில்லை. பல கலங்களில் சற்றுக் கூடியும் இருந்தது! எனினும் 10ஆவது, 100ஆவது சுற்றுகளின் மின்னிறக்க வளைகோடுகளை ஒப்பிட்டபோது, அவற்றின் வடிவ வேறுபாட்டில் பின்னாளைய தேய்மானத்தின் அறிகுறி புலப்பட்டது. அதனைக் கொண்டு ஆயுளைச் சுமார் 9 விழுக்காடு பிழையுடன் கணிக்க முடிந்தது.

இந்த வெற்றியை அப்படியே நம் சாலைகளுக்குப் பொருத்திவிட இயலாது. அக்கலங்கள் அனைத்தும் ஒரே வகையின. 30 பாகை செல்சியஸில் நிலைநிறுத்தப்பட்ட அறையில் சோதிக்கப்பட்டவை. வட இந்தியக் கோடையிலோ வெப்பம் 45 பாகையைத் தொடுகிறது. மின்னேற்றமும் பாதியில் நின்று தொடர்வதுண்டு. கற்பிக்கப்படாத சூழலில் கணிப்பொறியின் கணிப்பு பிறழும். ஆகவே இந்நாட்டு வாகனங்களின் தரவுகளே முதல் தேவை.

அத்தரவுகள் பெரும்பாலும் உற்பத்தியாளர் வசமே உள்ளன. பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன; அவற்றைப் புதுப்பிப்போருக்கும் அவ்விதிகளில் இடமுண்டு. ஆனால் நலம் தெரியாத மின்கலத்திற்குப் புதுப்பிப்பவர் பழைய உலோகத்தின் விலையைத்தான் தருவார். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், மின்சார வாகன மின்கலத்தின் நலம் பற்றிய தரவுகளை அதனை வாங்கியவர் பார்வையிட வழிசெய்கிறது.