சிரட்டையும் ஈரமணலும்: வீட்டு மேசைக்குச் செலவில்லாத மலர் அலங்காரம்

பேசாலை போன்ற கரையோரக் கிராமங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. நத்தார், உயிர்த்த ஞாயிறு, வெற்றி நாயகி ஆலயத் திருவிழா, முதல் நன்மை, கலியாணம் என்று விருந்தினர் வந்துகொண்டேயிருப்பர். அந்நாட்களில் மேசை நடுவே நாலு பூவாவது இருக்கவேண்டுமென்பது இல்லத்தரசியரின் ஆசை. ஆனால் மன்னார்த் தீவு மணற்பாங்கான வறண்ட நிலம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. ஆகையால் மலர் கிடையாதென்றெண்ணிப் பலர் கடையில் பிளாத்திக்குப் பூவை வாங்கிவிடுகின்றனர். இது தேவையற்ற செலவு. காய்கறித் தோட்டத்தின் ஓரத்திலும் நெல்வயல் வரம்பிலும் கிடைப்பவற்றைக்கொண்டு, கால்மணி நேரத்தில், ஒரு சதமும் செலவின்றி அழகிய மேசை அலங்காரமொன்றை அமைத்துக்கொள்ளலாம்.

தேவையானவை

கண்ணில்லாத பெரிய சிரட்டை ஒன்று, அது ஆடாதிருக்கச் சுருட்டி வைக்கும் தும்புக்கயிறு ஒரு முழம், இரண்டு கைப்பிடி மணல், நன்னீர், பூக்கள், பசுந்தழை ஆகியவையே வேண்டியவை. கடைகளில் விற்கும் பச்சைநிறப் பஞ்சுக் கட்டி செய்யும் வேலையை மணல் செய்துவிடும். அந்தக் கட்டி மண்ணில் மக்காதது. மணலையோ கழுவித் திரும்பத்திரும்பப் பயன்படுத்தலாம்.

கடற்கரை மணலை அப்படியே இடுதல் கூடாது. அதிலுள்ள உப்பு, தண்டு நீரை உறிஞ்சவொட்டாது தடுப்பதால் பூ சிலமணி நேரத்திலேயே துவண்டுவிடும். மணலை நன்னீரில் மூன்று நான்கு முறை அலசி, கழுவிய நீரில் உப்புச்சுவை இல்லையென்று கண்டபின்னரே பயன்படுத்துக. கோடையில் உவர்ப்பேறும் கிணற்று நீரும் இதற்கு உதவாது.

எந்தப் பூ?

வாடாமல்லிகை, கோழிக்கொண்டை, செண்டுப்பூ ஆகிய மூன்றும் இவ்வலங்காரத்திற்குச் சிறந்தவை. இவை வெயிலைத் தாங்கி வளர்வன. கொய்தபின்னும் பல நாட்கள் வாடாதிருப்பன. செவ்வரத்தை ஒருநாட் பூவாகையால் அதை விருந்தன்று காலையிலேயே செருகவேண்டும். தழைக்கு வேப்பங்கொழுந்தே போதும்.

நெல் விளைவிப்போருக்கு மற்றுமொரு வாய்ப்புண்டு. கட்டுக்கரைக் குளத்தின் கீழ்ப் பெரும்போகம் விளையுங்காலத்தில், மணி உதிருமுன், பொன்னிறங் கண்ட கதிர்கள் இருபதை நீண்ட தாளோடு அறுத்து, தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு உலர்த்தி வைத்துக்கொள்க. இவை மாதக்கணக்கில் கெடா. நடுவே நெற்கதிரும் சுற்றிலும் செந்நிறக் கோழிக்கொண்டையுமாக நிற்கும் மேசை கமக்காரர் வீட்டுக்கே உரிய அழகாகும்.

அலரியும் மஞ்சள் அலரியும் இப்பகுதியில் நன்கு பூப்பன. எனினும் அவற்றின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. உண்ணும் மேசையில் அவற்றை ஒருபோதும் வைத்தலாகாது.

அமைக்கும் முறை

1. வெயில் ஏறுமுன் அல்லது மாலை சாய்ந்தபின் கூரிய கத்தியால் தண்டைச் சரிவாக வெட்டுக.

2. கீழிலைகளை நீக்கி, தண்டுகளை ஒருமணி நேரம் நன்னீரில் ஆழ நிறுத்துக.

3. சிரட்டையில் விளிம்புக்கு அரை அங்குலம் கீழ்வரை மணலிட்டு நீரூற்றுக. நீர் மணலின் மேல் தேங்கி நிற்றல் கூடாது.

4. முதலில் தழையை விளிம்பைச் சுற்றிச் செருகுக. நடுவே உயர்ந்த பூ அல்லது கதிர், அடுத்துக் குட்டையானவை என்று படிப்படியாகத் தாழ்த்துக. தண்டு இரண்டு அங்குலமாவது மணலுள் இறங்கவேண்டும்.

5. முழு உயரம் ஒரு சாணுக்கு மேற்படாதிருத்தல் நன்று. எதிரெதிரே இருந்து உண்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டுமன்றோ? நீண்ட மேசையாயின் உயரத்தைக் கூட்டாது, மூன்று சிரட்டைகளை வரிசையாக வைக்க.

நாள்தோறும் இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டாற் போதும். வாடியவற்றைக் கூட்டெருக் குழியில் இடுக.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: ஒருமுறை ஒரு வீட்டில், பூச்சிநாசினிப் போத்தலைக் கழுவி அதிற் பூங்கொத்து வைத்திருக்கக் கண்டேன். பக்கத்தில் குழந்தையொன்று தவழ்ந்துகொண்டிருந்தது. பூ அழகாகவே இருந்தது. எனக்கோ நெஞ்சு நடுங்கியது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றாக நீங்காது. அத்தகைய போத்தலும் தகரமும் வீட்டினுள் எதற்கும் உதவா. மருந்து தெளித்த பாத்தியிற் பூத்த மலரையும் மேசைக்குக் கொணரற்க.

இரண்டாவது: பூச்சாடியில் தேங்கும் தெளிந்த நீரிலேயே டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒருவாரம் முதல் பத்து நாட்களே செல்லும். பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் மேலே தேங்காத ஈரமணலில் இவ்வபாயம் குறைவு. சாடியே வைப்போர் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை நீரை மாற்றி, உட்புறத்தை உரசிக் கழுவவேண்டும்.

பூச்செடி நிலத்துக்குச் செய்யும் உதவி

பூச்செடிக்கு இடம் வீணாகின்றதெனக் கருதவேண்டாம். கத்தரி, தக்காளி வேர்களில் முடிச்சு விழச்செய்யும் வட்டப்புழுக்களைச் செண்டுப்பூச்செடியின் வேர் அடக்கவல்லது. ஆனால் மூலையில் இரண்டு செடி நட்டாற் போதாது. நோய் கண்ட பாத்தி முழுவதிலும் இரண்டு மாதங்களேனும் நெருக்கமாக வளர்த்து, அதன்பின் மரக்கறி நடுதல் வேண்டும்.

நெல்வயல் வரம்பிலும் பூவுக்கு வேலையுண்டு. கபிலநிறத் தத்தியின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் உணவு தேவை. சீனா, தாய்லாந்து, வியத்நாம் ஆகிய நாடுகளில் வரம்புகளில் எள்ளு முதலிய பூக்குஞ் செடிகளை வளர்த்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அங்கே பூச்சிநாசினிப் பாவனை 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

விதைக்குங் காலம்

நத்தாருக்குப் பூ வேண்டுவோர் ஒக்டோபர் முற்பகுதியில், நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் விதைக்க. தவக்காலத்தில் மலரின்றி இருக்கும் பீடத்தை உயிர்த்த ஞாயிறன்று அலங்கரிக்க விரும்புவோர், அந்நாளுக்கு எழுபது நாட்கள் முன்னரே விதைத்தல் வேண்டும். பாத்திரங் கழுவிய சவர்க்காரமற்ற நீரே இச்செடிகளுக்குப் போதுமானது. முற்றிய பூவில் சிலவற்றைக் கொய்யாது விட்டு விதை சேர்த்தால் மறுவருடத்துக்கு விதைச்செலவுமில்லை.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது முதுமொழி. தனியே நிற்கும் சாதாரணப் பூக்களும் ஒரு சிரட்டையில் ஒன்றுகூடினால் வீட்டுக்குப் பொலிவு தரும். வருகின்ற விழாவுக்கு இதனைச் செய்து பார்ப்பீர்களாக. பூச்செடி வளர்ப்புப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.