பழைய வீடியோ கேம் ஏன் அலுப்பதில்லை?

நாற்பது வயதைத் தொட்ட நம் பிள்ளைகள் செல்போனில் டெட்ரிஸும் பாக்மேனும் ஆடினால், "சின்ன வயசு ஞாபகம்" என்று சிரிக்கிறோம். ஞாபகம் மட்டும்தான் காரணமென்றால், 2014ல் பிறந்த என் பேரனுக்கு அதில் என்ன வேலை? 90களில் பாலிகா பஜாரில் விற்ற செங்கல் விளையாட்டை அவன் கண்டதே இல்லை. ஆனாலும் டெட்ரிஸில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

காரணம் அவற்றின் கட்டுமானத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

1978ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனியில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸை' எடுத்துக்கொள்ளுங்கள். 5 வரிசைகளில் 55 எதிரிகள் அணிவகுத்து இறங்குவார்கள். கீழேயிருந்து நாம் சுட வேண்டும். அதிலிருந்த இன்டெல் 8080 சிப்புக்கு அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தத் தெம்பில்லை. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒரு முறைக்கு ஓர் எதிரிதான் நகருவான். ஆக, 55 பேரும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி. பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் அரை விநாடி. கடைசியில் மிஞ்சுகிறவன் தலைதெறிக்க ஓடுவான். (பெட்டிகளைக் கழற்றக் கழற்ற எஞ்சின் துள்ளுவது ரயில்வேக்காரர்களுக்குத் தெரிந்ததுதானே!) சிப்பின் இந்த இயலாமையை நிஷிகாடோ திருத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கடினமாகிறது. அந்தச் சுவைக்கு வயதாகவில்லை.

1985ல் வந்த 'சூப்பர் மாரியோ' மொத்தமே 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைப்போல் பல மடங்கு. இடம் போதாமல், மேகத்துக்கு வரைந்த படத்துக்கே பச்சை வண்ணம் பூசிப் புதராக்கிவிட்டார்கள். சிக்கனம் என்றால் இது!

புதியவற்றை நான் மட்டம் தட்டவில்லை. படத்திலும் கதையிலும் சினிமாவை மிஞ்சுகின்றன. ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. கம்பெனியின் சர்வர் இல்லாமல் பல ஆட்டங்கள் ஓடுவதில்லை. 2014ல் வெளியான 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31ல் நிறுத்தினார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்கள் வீட்டில் தனியாக ஆடக்கூட முடியாமல் போயிற்று.

பழையவை பத்திரமாக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையில் கிடைப்பதில்லை என்று 2023ல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேம் பெட்டியும் கேசட்டும் கிடந்தால், கபாடிவாலாவிடம் போடுமுன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அந்த ஒயரைச் செருகப் புது டிவியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவும்.