பிரிந்த பின்னும் தொடரும் தொல்லை: பாதுகாப்பு ஆணை பெறும் வழி

பிரிந்து சென்ற கணவர், குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு மனைவியின் வேலையிடத்திலும் பள்ளி வாசலிலும் மிரட்டுவதும், ஓயாமல் தொலைபேசியில் அழைத்து இழிவாகப் பேசுவதும், பராமரிப்புப் பணத்தை நிறுத்திப் பணியவைப்பதும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும் வன்முறைகளே. விவாகரத்துக்கு முன் இழைக்கப்பட்ட வன்முறைக்கு அதன் பின்னரும் நிவாரணம் கோரலாம் என்று 2014இலும், முன்பு குடும்ப உறவு இருந்திருந்தாலே போதும், மனு அளிக்கும் நாளிலும் அது நீடிக்க வேண்டியதில்லை என்று 2022இலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

இச்சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவர் பிறப்பிக்கும் தடையே பாதுகாப்பு ஆணை எனப்படும். வன்முறையில் ஈடுபடுவது, பெண்ணின் வேலையிடத்திலோ குழந்தையின் பள்ளியிலோ நுழைவது, நேரிலோ தொலைபேசி வழியாகவோ தொடர்புகொள்வது ஆகியவற்றை அது தடுக்கும். ஆபத்து உடனடியானதாக இருந்தால், எதிர்தரப்பைக் கேட்பதற்கு முன்பே ஒருதலைப்பட்ச இடைக்கால ஆணை பிறப்பிக்க 23ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மனுவை நேரடியாகவோ, மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ அளிக்கலாம். பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதால், எடுத்துக்காட்டாக, சென்னை எண்ணூரிலுள்ள புகுந்த வீட்டைவிட்டுப் பேசின் பிரிட்ஜிலுள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்டவர் தாய்வீட்டுப் பகுதிக்குரிய நீதிமன்றத்தையே அணுகலாம். முதல் விசாரணை வழக்கமாக 3 நாட்களுக்குள் நடைபெற வேண்டும் என்றும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. மிரட்டல் செய்திகள், அழைப்புப் பதிவுகள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை அழிக்காமல் தேதிவாரியாகப் பாதுகாப்பது மனுவுக்கு வலுச்சேர்க்கும்.

ஆணையை மீறுவது, ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க, பிணையில் விட முடியாத குற்றமாகும்.

பாதுகாப்பு ஆணை தந்தைக்கும் குழந்தைக்குமான உறவைத் தானாக அறுத்துவிடுவதில்லை. சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று கருதினால் மட்டுமே 21ஆம் பிரிவின்கீழ் நடுவர் அதை மறுப்பார். ஆதலால், குடும்பநல நீதிமன்றம் ஏற்கெனவே அனுமதித்த சந்திப்பைத் தாய் தாமாக நிறுத்தாமல், அதை மாற்றக்கோரி மனு அளிப்பதே முறை. மனைவியால் துன்புறுத்தப்படும் ஆண் இச்சட்டத்தின்கீழ் மனு அளிக்க இயலாது எனினும், குடும்பநல நீதிமன்றத்தில் தடையாணை கோர வழியுண்டு.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கு 15100, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம். குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணி எந்தத் தாயும் அச்சத்தில் வாழ வேண்டியதில்லை; முதல் மிரட்டலிலேயே உதவி கேளுங்கள்.