முதுமை எய்திய வண்டியைப் பேணுதல்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்துவிட்டு, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன், பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். திரவங்களின் அழுத்தம் பற்றிய பாஸ்கல் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நான். ஆயினும், அவ்விதியை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று. கொல்லிமலைச் சாலையின் வளைவு ஒன்றிலேதான். அக்கதையைச் சொல்வதற்கு முன், எத்தகைய வண்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

பின்புறக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும்படி அமைந்த காரை ஹேட்ச்பேக் என்பர். பெட்டி படுக்கை வைக்கும் இடமும் மனிதர் அமரும் இடமும் இதில் ஒரே அறையாக இருக்கும். 1965 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெளிவந்த ரெனோ 16 இவ்வமைப்பைக் குடும்பங்களிடையே பரப்பிய வண்டிகளுள் ஒன்று. பின்னர் மேற்கு ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தார், சுமார் 810 கிலோ எடையுள்ள ஒரு சிறிய ஹேட்ச்பேக்கில் 110 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைப் பொருத்தி, 1976 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். கோல்ஃப் ஜி.டி.ஐ. என்பது அதன் பெயர். எடை குறைவு, திறன் அதிகம். ஆகவே வேகமும் துடிப்பும் மிகுதி. குடும்ப வண்டியாகவும் பந்தயக் குதிரையாகவும் ஒருங்கே விளங்கிய அவ்வமைப்பைப் பல நாட்டுத் தொழிற்சாலைகளும் பின்பற்றின.

இத்தகைய வண்டிக்கு முதுமை வரும்போது தொல்லைகளும் சற்று அதிகமாகவே வருகின்றன. இதன் எஞ்சின் வேகமாகச் சுழல்வதற்கென்றே அமைக்கப்பட்டது, சுருள்வில்கள் விறைப்பானவை, டயர்கள் அகலமானவை. ஆதலால் உஷ்ணம், அதிர்ச்சி, தேய்மானம் ஆகிய மூன்றும் மற்ற வண்டிகளைவிட இதனை அதிகமாகத் தாக்குகின்றன.

என்னிடம் உள்ள வண்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 2005 ஆம் ஆண்டில் தயாரானது. 2012 ஆம் ஆண்டில் ஒரு நண்பரிடமிருந்து நான் வாங்கினேன். எண்ணெய் மாற்றுவேன், கழுவித் துடைப்பேன், பளபளப்பைக் கண்டு மகிழ்வேன். கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தேன். 2018 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குச் சென்றேன். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அம்மலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏறும்போது வண்டி உற்சாகமாக ஏறிற்று. இறங்கும்போது மூன்றாவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழி இறங்கியிருப்போம். ஒரு வளைவை நெருங்கும்போது பிரேக் மிதி, பஞ்சுப் பொதியை மிதித்தாற்போல மெத்தென்று உள்ளே அமிழ்ந்து தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

பின்னிருக்கையில் பேரன் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் இரண்டாவது கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரின் ஓரமாக வண்டியை உரசவிட்டு நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து சக்கரத்தைத் தொடாமலே கையை அருகில் வைத்துப் பார்த்தார். "ஐயா, எந்தக் கியரிலே ஏறினீங்களோ அந்தக் கியரிலேதான் இறங்கணும். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். வாங்கிய நாள் முதல் மாற்றவே இல்லை என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, சக்கரங்கள் ஆறிய பின், மிதி பழையபடி உறுதியாயிற்று.

நடந்தது என்ன? உங்கள் பௌதிக நூலே விடை கூறும். பிரேக் மிதியை அழுத்தும்போது ஒரு சிறு உருளையில் உள்ள திரவம் அழுத்தம் பெறுகிறது. அவ்வழுத்தம் குறையாமல் குழாய்களின் வழியே சக்கரங்களுக்குச் செல்கிறது. மிதியருகே உள்ள பிஸ்டனின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றும், சக்கரத்தருகே உள்ளதன் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். பரப்பு 6¼ மடங்காகிறது; விசையும் அவ்வாறே பெருகுகிறது. பாஸ்கல் கண்ட உண்மை இதுவே. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குழாயில் இருப்பது அமுக்கினாலும் சுருங்காத திரவமாக இருக்கவேண்டும்.

இனி உஷ்ணத்தைக் கணக்கிடுவோம். ஆட்களோடு 1300 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் 1300 × 9.8 × 100, அதாவது ஏறக்குறைய 12¾ இலட்சம் ஜூல். எஞ்சின் தடுத்து நிறுத்தாவிட்டால், இதில் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறவேண்டியதே. நான்கு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்திற்கும் இவ்வளவு! தாழ்ந்த கியரில் இறங்கினால் அப்பளுவில் கணிசமான பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். லாரி ஓட்டுநரின் அறிவுரையில் இருந்த பௌதிகம் இதுதான்.

பிரேக் திரவத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. வழக்கமாகப் பயன்படும் கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்னும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவான நீர் கலந்துவிட்டாலோ, அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. என் வண்டியில் திரவம் கொதித்து ஆவியாயிற்று. ஆவி சுருங்கும் இயல்புடையது. என் கால் செலுத்திய விசை சக்கரத்திற்குச் செல்லாமல் ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாயிற்று. கைப்பிரேக் மட்டும் உதவியதேன்? என் வண்டியில் அது திரவத்தால் இயங்குவதன்று. இரும்புக் கம்பியால் பின்சக்கரங்களோடு இணைக்கப்பட்டது. சில நூறு ரூபாய் பெறும் ஒரு புட்டித் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாத குற்றத்திற்கு, மூன்று உயிர்களை ஈடாகக் கொடுக்க இருந்தேன். குற்றம் வண்டியினுடையது அன்று, என்னுடையது.

அன்று முதல் வண்டியை நானே கவனிக்கத் தொடங்கினேன். நான் கற்ற சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது எஞ்சின் எண்ணெய். பழைய எஞ்சின் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் குடிக்கும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின், அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்கவேண்டும். எண்ணெய் மேல்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையில் இருக்கவேண்டும். புகையும் நமக்குச் செய்தி சொல்லும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், எஞ்சின் சூடான பின்னும் விடாது வரும் வெண்புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதையும் பெரும்பாலும் குறிக்கும். மாற்றிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். குழாய்நீரை மட்டும் ஊற்றுவது தவறு. அதிலுள்ள உப்புகள் ரேடியேட்டரில் படிந்து அடைத்துக்கொள்ளும், உலோகமும் அரிக்கப்படும். உப்பு நீக்கிய நீரும் கூலண்டும் சரிபாதி கலந்தால் கொதிநிலை உயரும், அரிப்பும் தடைப்படும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாயும். கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் அதை வையுங்கள்.

மூன்றாவது ரப்பர். வண்டியின் முதுமை இரும்பில் தெரிவதற்கு முன்பே ரப்பரில் தெரிந்துவிடும். உஷ்ணத்தாலும் காற்றாலும் அது விறைத்து வெடிக்கிறது. முன்சக்கரத்திற்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இணைப்பின்மேல் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கும். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சிதறி, மண் புகும். பிறகு வண்டியைத் திருப்பும்போதெல்லாம் 'டக் டக்' என்ற ஓசை கேட்கும். உறையோடு போகவேண்டிய செலவு இணைப்பளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதே அவ்வோசையின் பொருள். டயருக்கும் வயது உண்டு. அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்று இருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறிக. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரில் ஓடக்கூடாது.

பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்னும் பற்களுள்ள ரப்பர் பட்டை ஒன்றும் உண்டு. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு பொருத்தி வைப்பது அதுவே. நிமிஷத்திற்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 50 முறை திறந்து மூடுகிறது. பட்டை அறுந்தால், பல எஞ்சின்களில், திறந்து நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதி எஞ்சினே நாசமாகும். அறுவதற்கு முன் அது பெரும்பாலும் எச்சரிக்கை தருவதில்லை. ஆகையால் தயாரித்தவர் குறித்த கிலோமீட்டரோ ஆண்டோ, எது முந்தி வருகிறதோ அப்போதே மாற்றிவிடவேண்டும்.

நான்காவது மின்சாரம். நன்கு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பாட்டரி, ஓய்விலிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால், மின்னேற்றும் பகுதி வேலை செய்கிறது என்று தெளியலாம். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலை விளங்கும். நுனி இளம் பழுப்பாக இருப்பது நலம். கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்துப் பொரிந்திருந்தால் உஷ்ணம் மிகுதி. திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருக வேண்டும். எஞ்சின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. மறை கெட்டுவிட்டால் சீர்செய்வது கடினம்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைக் கூறுகிறேன். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்குவதற்கு உரியது அன்று. சமமான கெட்டித்தரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கிய பின் இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியைச் சற்று அசைத்துப் பார்த்த பிறகே அடியில் கை வைக்கலாம். செங்கல்லை அடுக்கித் தாங்கல் கொடுக்காதீர்கள். அது விரிசல் காட்டாமலே திடீரென்று நொறுங்கும். சக்கர நட்டுகளைக் குறித்த அளவிற்கே முறுக்குக. கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தினால் 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும் என்று நீங்களே கணக்கிடலாம். அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடாத வேலைகளும் உள்ளன. டைமிங் பெல்ட் மாற்றுதல், விபத்தில் விரியும் காற்றுப்பை, குளிர்சாதன வாயு ஆகியவற்றைத் தேர்ந்தவர்களிடமே விடவேண்டும். பிரேக் வேலையை ஒருமுறையேனும் அனுபவசாலியின் அருகிலிருந்து கற்ற பின்பே தொடுங்கள். தன் அறிவின் எல்லையை அறிந்திருப்பதும் அறிவின் ஒரு பகுதியே.

இறுதியாக, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, அடுத்து செய்யவேண்டிய நாள் என்று நான்கு பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள். நமது ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும். நோட்டுப் புத்தகம் அப்படிப் பேசாது. அன்று அத்தகைய நோட்டு ஒன்று என்னிடம் இருந்திருந்தால், ஆறு ஆண்டுகளாக வெறுமையாக இருந்த ஒரு கட்டம் என்னை எச்சரித்திருக்கும்.

2020 ஆம் ஆண்டில், பதினைந்து ஆண்டு நிறைந்தபோது, என் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுசென்று, பதிவைப் புதுப்பித்தேன். பிறகு ஒரு முறை அதே மூவரும் கொல்லிமலைக்குச் சென்றோம். இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன். அந்தப் பழைய வளைவு வந்தபோது மிதியைத் தொட்டுப் பார்த்தேன். கல்லைப் போல் உறுதியாக இருந்தது. "தாத்தா, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்?" என்று பேரன் கேட்டான். அடிவாரம் வந்த பின்பு, வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அவனுக்குப் பாஸ்கல் விதியைச் சொல்லிக்கொடுத்தேன்.