பிராண்ட் ஒன்றுதான்... பேட்ச் நம்பர் என்ன? ஒலிம்பிக் தோட்டாவுக்கு ஒரு நுழைவுத் தேர்வு!

2012 ஆகஸ்ட் 3. லண்டன் ஒலிம்பிக்கில், குப்புறப் படுத்துச் சுடும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் இறுதிச்சுற்று. வெண்கலம் வென்ற ஸ்லோவேனியா வீரர் ரேமண்ட் டெபெவெக் எடுத்தது 701.0 புள்ளிகள். நான்காவதாக வந்த நம் ஜாய்தீப் கர்மாகர் எடுத்தது 699.1. வெறும் 1.9 புள்ளியில் பதக்கம் போனது!

இந்தப் போட்டியில் இலக்கின் நடுவிலிருக்கும் 10 புள்ளி வட்டம் எவ்வளவு பெரிது தெரியுமா? விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பட்டன் அளவுதான். 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. தசமப் புள்ளிக் கணக்கில் 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். கை நடுங்கினால் மட்டுமல்ல, தோட்டா சரியில்லை என்றாலும் புள்ளி போய்விடும்.

இதில் பயன்படுவது 'பாயின்ட் டூ டூ' எனப்படும் சின்னத் தோட்டா. ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். தீப்பற்றும் மருந்து, தோட்டாவின் அடிப்பக்க விளிம்புக்குள் வளையமாக இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பொறி கிளம்பும். அதனால்தான் 'ரிம்ஃபயர்' என்று பெயர். நசுங்கிய விளிம்பை மறுபடி பயன்படுத்த முடியாது. வேறு சில வகைத் துப்பாக்கிகளுக்கு வீரர்களே மருந்தை எடைபோட்டுத் தோட்டா தயாரிப்பதுண்டு. இங்கே அதற்கு வழியில்லை. தொழிற்சாலை தருவதுதான்.

சிக்கலும் அங்கேதான். வீட்டுக்கு பெயின்ட் அடித்தவர்களுக்குத் தெரியும்... ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஆனால் பேட்ச் நம்பர் மாறினால் சுவரில் லேசாக வித்தியாசம் தெரியும். தோட்டாவும் அப்படித்தான். வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, 50 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 7 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ போகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுடும்போது துப்பாக்கிக் குழல் மெலிதாக அதிரும். அந்த அதிர்வு, சில குழல்களில் வேக வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும், சிலவற்றில் அதிகமாக்கிவிடும். ஆகவே, நண்பரின் துப்பாக்கியில் அற்புதமாகச் சுட்ட அதே பேட்ச், உங்கள் துப்பாக்கியில் சொதப்பலாம். விலை அதிகம் என்பதற்காக எந்தப் பெட்டியையும் நம்ப முடியாது.

அதனால் முன்னணி வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் எலி நிறுவனம், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவா நிறுவனம் ஆகியவை இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன. காற்று புகாத நீண்ட கூடம். துப்பாக்கியை வைஸில் இறுக்கிவிடுவார்கள். மனிதக் கை படாது. ஒவ்வொரு பேட்ச்சிலும் 10, 10 தோட்டாவாகச் சுட்டு, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று கருவி அளக்கும்.

பேட்ச் மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும். அது போய்ப் புதுப் பூச்சு படிந்த பிறகுதான் அளவு உண்மையானது. உள்ளூர் ரேஞ்சில் தோட்டா ஒப்பிடுபவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஐந்து குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுந்ததும், 'இதுதான் பெஸ்ட்' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 40 குண்டுகளாவது சுட்டால்தான் தோட்டாவின் குணம் தெரியும்.

2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதே 50 மீட்டர் தூரத்தில், இதே 'பாயின்ட் டூ டூ' தோட்டாவில்தான். மூன்று நிலைகளில் சுடும் அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

தனக்குப் பொருந்தும் பேட்ச் கிடைத்துவிட்டால், வீரர்கள் கையிலிருக்கும் பணத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய போட்டிக்கு மட்டும் எடுப்பார்கள். பயிற்சிக்கு வேறு தோட்டா. அந்த இருப்பு தீர்ந்துபோனால், அதே பேட்ச் மறுபடி கிடைக்காது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் கிளம்ப வேண்டியதுதான்!