நாக்கு அறியும் ஆறு

கங்கேவாடியில் காலைத் தேத்தண்ணி இலேசாகக் கரிக்கும். முகாமுக்கு முதல்முறை வருகிற பிள்ளைகள் ஒரு மிடறு குடித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சீனிப் போத்தலைத் தேடுவார்கள். எவ்வளவு சீனி போட்டாலும் அந்தக் கரிப்பு போகாது. கோடை முற்றினால் ஆற்றங்கரைக் கிணற்றில் ஏறுகிற உப்பு அது. ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் கூடாரத்தில் தங்கிக் கயாக் வலித்துவிட்டு வந்த பிறகு, புத்தளம் கரை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவைதான்.

புத்தளம் நகரிலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு தாண்டி எலுவங்குளம் வந்து, அங்கிருந்து மேற்கே காட்டுப்பாதையில் போனால் கங்கேவாடி. கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள மீனவர் குடியிருப்பு இது. தென்கரையில் வள்ளங்களும் வலை காயப்போடும் கொடிகளும் எங்கள் கூடாரங்களும். வடகரை வில்பத்து தேசிய பூங்கா. அனுமதி இல்லாமல் அந்தக் கரையில் கால் வைக்கக்கூடாது. யானைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விடியற்காலையில் அவை தண்ணீர் குடிக்க இறங்கும்போது இக்கரையில் அடுப்பு மூட்டுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வெயிலுக்கு முன்னால் மட்டுமல்ல, காற்றுக்கு முன்னாலும் புறப்பட்டாக வேண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகக் காற்று இந்தக் கரையை விடாமல் அடிக்கும். கற்பிட்டியில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள் அந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள். துடுப்பைப் பிடித்தவனுக்கோ அது எதிரி. "காத்து எழும்ப முந்தி களப்பு வாய்க்குப் போய்த் திரும்பிடணும் தம்பி" என்றார் எங்களை அழைத்துப்போன நானா. காரைதீவுக்காரர். முப்பது வருசத்துக்கு மேலாக இந்தத் தண்ணீரில் இருக்கிறார். உயிர்காப்பு அங்கியின் வாரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே இழுத்துப் பார்த்தார். காட்டிய இடம் தவிர வேறெங்கும் இறங்கிக் குளிக்கக்கூடாது, ஆற்றில் முதலை உண்டு என்று ஒரு தடவைதான் சொன்னார். யாரும் மீறவில்லை.

கயாக் வட துருவத்து இனுயிட் மக்கள் தோலைப் போர்த்திச் செய்த வேட்டை ஓடம். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த நமக்கு அது பழகாமல் போய்விடுமா என்ன? முதல் அரைமணி நேரம் படகு நம் பேச்சைக் கேட்பதில்லை. கையால் இழுத்து இழுத்துத் தோள் கடுக்கும். இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பு ஏறி இறங்கும்போது சொட்டுகிற நீர் மடியை நனைக்கும். "கையால தள்ளாதீங்க. இடுப்பைத் திருப்புங்க, கை தானா வரும்" என்று பின்னாலிருந்து நானாவின் குரல். திருப்பிப் பார்த்தேன். துடுப்பு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது, படகு நேராக வழுக்கியது. பக்கத்து மரக்கிளையில் இருந்த மீன்கொத்தி பறக்கவில்லை. இஞ்சின் படகு வந்திருந்தால் அது எப்போதோ போயிருக்கும்.

முதலில் ஆற்றின் மேற்புறமாகப் போனோம். அங்கே கரை முழுக்க மருத மரம். வெண்மையான அடிமரங்கள் தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கும். காட்டுக்குள் பாலையும் வீரையும். பாலைப்பழக் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. முடிகிற வரைக்கும் கரடிகள் அந்த மரங்களை விட்டு நகராது என்றார் நானா. திரும்பிக் கீழே வரவர மருத மரம் குறைந்து, கண்டல் தொடங்குகிறது. எந்த இடத்தில் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நானா பதில் சொல்லாமல் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "இன்னும் இல்ல." கொஞ்ச தூரம் போய் மறுபடி. "இன்னும் இல்ல." ஒரு வளைவைத் தாண்டியதும் மூன்றாவது தடவை: "இங்க." நாங்களும் தொட்டுப் பார்த்தோம். காலைத் தேத்தண்ணியின் அதே கரிப்பு.

உப்புநீர் கனமானது. ஆற்றுநீர் கடலைத் தள்ளும் வலு குறையும்போது அது நல்ல நீருக்கு அடியால் நாக்குப்போல் நீண்டு மேலே ஏறும். மழைக்காலத்தில் ஆறு அதைக் களப்புவரை துரத்திவிடும். அப்போது எலுவங்குளத்துச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும். கோடையில் நிலைமை தலைகீழ். ஆகவே அந்த உப்பு எல்லை ஒரு இடத்தில் நிற்பதில்லை. அதை நிறுத்துவதும் நகர்த்துவதும் மழை மட்டுமல்ல, மேலே உள்ள குளங்களும்தான். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவ இந்த ஆற்றில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ராஜாங்கனை. "ராஜாங்கனையில கதவு திறந்தா இங்க நாக்குக்குத் தெரியும்" என்றார் நானா. ஏறத்தாழ 150 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆற்றின் வயல்கள், வாய்க்கால்கள், மதகுகள் எல்லாவற்றின் கணக்கும் கடைசியில் அவருடைய விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. வரைபடத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் விளங்கியது.

கண்டற்காட்டுக்குள் நுழையும் ஓடை, தலையைக் குனிந்து போகிற அளவுக்குத்தான் அகலம். இலங்கையின் மிகப் பெரிய கண்டற்காடுகளுள் ஒன்று இது. வேர்கள் வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்க, அவற்றுக்கிடையே சிறு மணலைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புவது தெரிகிறது. கொடுவாவும் இறாலும் நண்டும் வளர்கிற தொட்டில் இந்த வேர்க்கூடுதான். ஒரு பிள்ளை கண்ணா மரத்தின் இலையைப் பறிக்கப்போனபோது நானா தடுத்தார். பறிக்காமல் நக்கிப் பார்க்கச் சொன்னார். இலை உப்பாக இருந்தது. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாகக் கசியவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்ற தில்லை மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், பக்கத்திலேயே போகக்கூடாது என்றார். கண்டல் மரத்தில் நீண்ட பச்சைக் காய்கள்போலத் தொங்கியவை காய்கள் அல்ல, நாற்றுகள். வித்து மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு, காலம் வந்ததும் சேற்றில் விழுந்து குத்தி நிற்கும். நாங்கள் அங்கிருந்தபோது ஒன்று விழுந்தது. குத்தி நிற்கவில்லை, தண்ணீரில் விழுந்து களப்பை நோக்கி மிதந்துபோனது.

இங்கே ஆறு எதையாவது சுமந்து வருவது பழைய கதை. 1344இல் இந்தக் கரையில் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, ஆறுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெல்லாம் குவிந்து கிடந்ததாக எழுதினார். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் அதை விலையின்றி ஏற்றிப்போவார்களாம். பதிலுக்கு மன்னர் ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணிமணிகள். மீ ஓயாவும் கலா ஓயாவும் அள்ளிவருகிற எதுவும் வீண்போகாத கரை இது. பிறகு ஒல்லாந்தர் நீர்கொழும்பையும் சிலாபத்தையும் முந்தலையும் புத்தளத்தோடு கால்வாயால் இணைத்தார்கள். 1807இல் கற்பிட்டியில் பிறந்த தமிழறிஞர் சைமன் காசிச்செட்டியின் காலத்தில் இந்தப் பக்கம் தண்ணீர் வழிப் பயணமும் வழக்கமாக இருந்தது.

மாலையில் கூடாரத்துக்கு முன்னால் இருந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லு என்பது இந்தப் பக்கத்துச் சொல். மணல்மேட்டுக்கு நடுவே மழைநீர் தேங்கி நிற்கிற இயற்கைக் குளம். வில்பத்துக்கும் வண்ணாத்திவில்லுக்கும் பெயரைக் கொடுத்தது அந்தச் சொல்தான். 1938இல் தேசிய பூங்காவான அந்தக் காடு போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்தது. 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் சிக்கிப் பலியானவர்களில் நிஹால் டி சில்வாவும் ஒருவர். ஒரு சிங்கள இராணுவ அதிகாரியும் ஒரு தமிழ்ப் போராளிப் பெண்ணும் வில்பத்துக் காட்டுக்குள்ளால் நடந்து போகிற கதையை எழுதியவர். தான் நேசித்து எழுதிய காட்டிலேயே மாண்டார். பூங்கா மறுபடி திறந்தது 2010இல். எங்களோடு வந்த பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அக்கரையில் யானை தெரிகிறதா என்று மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது வாய்த்ததே என்று நிறைவாக இருந்தது.

நாங்கள் நுழைந்த கண்டற்காட்டைப்போல எல்லாக் கண்டலும் தப்பவில்லை. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் பக்கம் இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டிக் குழி தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன, கண்டலோ திரும்பவில்லை. மறுபடி நட்ட கன்றுகளிலும் பெரும்பகுதி பிழைக்கவில்லை. ஓதம் எவ்வளவு ஏறும், சேறு எவ்வளவு உயரம் என்று பார்க்காமல் நட்டால் எப்படிப் பிழைக்கும்? சிலாபத்துப் பம்பலையில் 2016இல் கண்டலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறார்கள், நல்லது. ஆனால் புத்தளத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒருநாளாவது கங்கேவாடி ஓடையில் துடுப்புப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. வெளிநாட்டார் விமானமேறி வந்து பார்க்கிற களப்பை, அதன் கரையிலேயே வளர்கிற பிள்ளை பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்கு ஆறவில்லை.

கடைசி நாள் களப்பு வாய்வரை போனோம். ஓடை திறந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. பெரும்பாலும் ஓர் ஆள் உயரத் தண்ணீர்தான். அடியில் பாசிப்புல். "எங்கட வாப்பாட காலத்துல இங்க ஆவுளியா மேயும்" என்று நானா கடற்பசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மேல் ஒரு சுருக்கம் ஓடியது. காற்று. பேச்சை நிறுத்திவிட்டுப் படகுகளைத் திருப்பச் சொன்னார்.

ஆற்று வாய்க்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு விட்டோம். வளைவு வந்தது. நானா துடுப்பை மடியில் வைத்து விரலை நனைத்தார். நேற்று உப்புத் தொடங்கிய இடத்தைத் தாண்டியிருந்தோம். அவர் நாக்கில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்து, மேல்புறமாகக் கையைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு. வலிங்க, பார்ப்போம்."