தடுக்கி விழுந்தது உங்கள் தப்பா?

திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில், பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அந்தப் பாதையில் இருக்கும் ஊர்தான் காட்டூர். நெடுஞ்சாலையில் வண்டிகளின் வேகம். உள்ளே தெருக்களில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம், கால் வைத்தால் ஆடும் சிலாப். யாராவது விழுந்தால், "பார்த்து வரக்கூடாதா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சட்டத்தின் கேள்வி வேறு. அந்த இடம் யார் பொறுப்பில் இருந்தது? ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தடுப்போ எச்சரிக்கையோ வைத்தாரா?

1951-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். 40, 45 ஆண்டு தாங்கக்கூடிய கட்டடத்துக்கு 80 வயது ஆகியிருந்தது. 'பழுது வெளியே தெரியவில்லை' என்ற வாதம் எடுபடவில்லை. 1966-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதிசெய்தது. எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-ல் மாநகராட்சி பொறுப்பில்லை என்றே தீர்ப்பானது.

காற்று இப்போது பாதசாரி பக்கம் திரும்பியிருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தாலோ திறந்த சாக்கடைக் குழியாலோ இறந்தால் 6 லட்சம், காயமடைந்தால் 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தரும்படி மகாராஷ்டிர அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு இழப்பீட்டு அளவு தேவை. பொதுவழியில் ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவில் அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். அதுவும் விழுந்தவர் கைக்கு வராது.

விழுந்தவர் செய்ய வேண்டியவை:

* பள்ளத்தை மூடுவதற்குள் போட்டோ, வீடியோ எடுங்கள். பார்த்தவர்களின் போன் நம்பரை வாங்குங்கள்.

* ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்பதைப் பதியச் சொல்லுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

* காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

* பொருள் வாங்கிய கடையிலோ, சிகிச்சைக்குப் போன தனியார் மருத்துவமனையிலோ வழுக்கி விழுந்தால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

* இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

பள்ளத்தில் மரக்கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டுவது அக்கம்பக்கத்தாரின் நல்ல மனசு. தடுப்பு வைக்க வேண்டியது தோண்டியவரின் கடமை. அதை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். யாராவது விழும்வரை காத்திருக்க வேண்டாம்.